கிரவுன் பினியனும் டயரும் மாற்றிய பின் ஜீப்பின் ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது: முள்ளைத் திருத்துவதா, வேறு வழி உண்டா?

போடிமெட்டு ஜீப் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்வர என் தந்தையார் வைத்திருந்த பழைய மகிந்திரா ஜீப் இப்போது என் பொறுப்பில் உள்ளது. அவர் காலத்தில் போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்குவதுதான் அதன் வேலை. நானோ வாரம் இருமுறை மதுரை வரை சமவெளியில் ஓட்ட வேண்டியவன். ஐம்பதைத் தாண்டினாலே என்ஜின் அலறுவதால், ஒரு பட்டறையில் சொன்ன யோசனைப்படி முன் அச்சிலும் பின் அச்சிலும் கிரவுன் பினியனை (சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியை) மாற்றினேன். பழையதில் கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். இப்போது போட்டிருப்பதில் 47-ம் 11-ம். கூடவே 6.00-16 டயர்களைக் கழற்றிவிட்டு, பொலிரோவிலிருந்து எடுத்த 215/75 ஆர் 15 சக்கரங்களை மாட்டினேன்.

என்ஜின் அலறல் அடங்கிவிட்டது. ஆனால் மீட்டர் 50 காட்டும்போது கைபேசியின் ஜிபிஎஸ் 60 காட்டுகிறது. இது போதாதென்று, முன்பு லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 11தான் கொடுக்கிறது. மைலேஜ் கூடும் என்று நம்பிச் செலவழித்தவன் என்பதால், பட்டறைக்காரரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டு வந்தேன். மீட்டர் பழுது பார்க்கும் கடையில் விசாரித்தபோது, உள்ளே இருக்கும் முள்ளைச் சற்றுத் தூக்கி வைத்துச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? கூடாதென்றால் திருத்தத்தை எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கணக்கு வாத்தியார்

முள்ளைத் தொட வேண்டாம், இப்போதைக்கு. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன் உங்கள் மைலேஜ் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. 11 கி.மீ. என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? டேங்கை நிரப்பி, ஓடோமீட்டர் (ஓடிய தூரத்தைக் கூட்டிக் காட்டும் எண்கள்) காட்டிய தூரத்தை லிட்டரால் வகுத்திருப்பீர்கள். வேகத்தைக் குறைத்துக் காட்டும் அதே கேபிள்தான் ஓடோமீட்டரையும் சுழற்றுகிறது. ஆகவே தூரமும் குறைவாகவே பதிவாகியிருக்கும். 50 காட்டும்போது 60 என்றால் உண்மைத் தூரம் காட்டியதைப் போல் 1.2 மடங்கு. உங்கள் 11 கி.மீ. உண்மையில் 13.2. பட்டறைக்காரர் சொன்னது பலித்திருக்கிறது, ஐயா. அவரிடம் மறுபடியும் ஒரு தரம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

இனி காரணம். உங்கள் ஜீப்பில் மீட்டர் கேபிள், சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்க வெளியீட்டிலிருந்து புறப்படுகிறது. அதாவது, சாலையில் சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பது மீட்டருக்குத் தெரியாது. அங்கிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது மட்டுமே தெரியும். பழைய கிரவுனில் சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 43÷8, அதாவது 5.375 முறை சுற்ற வேண்டியிருந்தது. இப்போது 47÷11, அதாவது 4.273 முறை சுற்றினால் போதும். இதனால் மட்டும் மீட்டர் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாகக் காட்டும். டயர் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. புதிய டயர் பழையதைவிடச் சிறியது என்பதால், அதே தூரத்துக்கு அதிக முறை சுற்றி, மீட்டரைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுகிறது. ஒரு பிழை இன்னொரு பிழையின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கிறது. நாளை மனம் மாறி மறுபடியும் பெரிய டயர் மாட்டினால் பிழை இன்னும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு என்பதைப் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை வைத்துக் கணக்கிடலாம். 215/75 ஆர் 15 என்றால் பக்கச்சுவரின் உயரம் 215-இல் 75 விழுக்காடு, 161 மி.மீ. சொச்சம், மேலும் கீழுமாக இரண்டு முறை கூட்டி, 15 அங்குல ரிம்மின் 381 மி.மீ. சேர்த்தால் விட்டம் 703.5 மி.மீ. சுற்றளவு 2.21 மீட்டர் வரும். ஆனால் வண்டியின் பாரத்தில் டயர் சற்று அமுங்கி உருள்வதால் உண்மையில் கிடைப்பது அதைவிட இரண்டு மூன்று விழுக்காடு குறைவாக இருக்கும். 6.00-16 போன்ற பழைய அளவுகளில் பக்கச்சுவரின் விகிதமே எழுதப்பட்டிருக்காது. எனவே அச்செழுத்தை விட்டுவிட்டு, தரையில் அளப்பதே மேல். காற்றைச் சரியான அழுத்தத்தில் வைத்து, டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, அது தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ளி ஐந்து சுற்றுக்குப் பின் மீண்டும் தரையில் கோடு போட்டு நாடாவால் அளந்து ஐந்தால் வகுத்துவிடுங்கள். பழைய சக்கரம் ஏதாவது கைவசம் உண்டா?

போடிமெட்டு ஜீப்

உண்டு. ஸ்டெப்னி இன்னும் பழைய 6.00-16தான். அதை முன்பக்கம் இடது பக்கத்தில் மாட்டி, நானும் என் மைத்துனரும் வீட்டு முன்னால் சிமெண்டுத் தெருவில் தள்ளி அளந்தோம். பழைய டயர் ஐந்து சுற்றுக்கு 11.15 மீட்டர் உருண்டது. பின்பக்கத்துப் புதிய டயர் 10.70 மீட்டர். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் வண்டி பழுதாகிவிட்டதென்று வந்து தள்ளத் தொடங்கியதால் இரண்டு முறை எண்ணிக்கை தவறிவிட்டது. மூன்றாவது முறை எடுத்த அளவுகள் இவை.

கணக்கு வாத்தியார்

நல்ல அளவுகள். பழைய சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர், புதியது 2.14 மீட்டர். முன்பு ஒரு கி.மீ. போக ஷாஃப்ட் 2,410 முறை சுற்றியது; இப்போது 1,997 முறை சுற்றுகிறது. விகிதம் 0.828. அதாவது, கேபிளை இப்போது சுழல்வதைவிட 1.207 மடங்கு வேகமாகச் சுழல வைக்க வேண்டும். மீட்டர் 50 காட்டும்போது கணக்குப்படி உண்மை வேகம் 60.4, நீங்கள் கைபேசியில் பார்த்ததும் 60. இரண்டு வழிகளில் வந்த விடை ஒத்துப்போவதால், உங்கள் மீட்டர் முன்பு ஓரளவு சரியாகவே இருந்தது என்றும் தெரிகிறது. இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வரும் மீட்டர்கள் பெரும்பாலும் உள்ளதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும்படி வைக்கப்பட்டிருக்கும். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதிமுறை, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது என்றும், கூடுதலாகக் காட்டினால் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. சேர்த்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. முன்பு அதிகமாகக் காட்டிய மீட்டரை, டயர் மாற்றத்தை மட்டும் கணக்கிட்டுத் திருத்தினால், பழைய பிழை அப்படியே தங்கிவிடும்.

ஜிபிஎஸ் பார்ப்பதற்கும் ஏற்ற இடம் வேண்டும். மலைப்பாதையில் மரங்களுக்கு நடுவே வளைந்து போகும்போது அது நம்பத்தக்கதல்ல. வேகம் கூடும்போதும் குறையும்போதும் ஓரிரு நொடிகள் பின்தங்கும். உசிலம்பட்டியைத் தாண்டிய பின் நேரான சாலையில், மீட்டர் முள்ளை 40-இல் ஒரு நிமிடம், 60-இல் ஒரு நிமிடம் அசையாமல் வைத்து, பக்கத்தில் இருப்பவரைக் கைபேசியைப் படிக்கச் சொல்லுங்கள்.

வேகமுள்

இவ்வளவு கணக்கு எதற்கு என்பது என் தாழ்மையான கருத்து. மீட்டர் கண்ணாடியில் 40-க்கு நேராக 48, 50-க்கு நேராக 60 என்று சிறு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் செலவே இல்லையே? நான் நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழைய பட்டறை

வேகமுள் தம்பி, வேகத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம். ஓடோமீட்டருக்கு என்ன ஒட்டுவீர்கள்? 5,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டிய வண்டி, மீட்டரில் 5,000 வரும்போது 6,000-க்கு மேல் ஓடியிருக்கும். டிரம் பிரேக் உள்ள ஜீப்பை 60 என்று நினைத்து 72-இல் ஓட்டுவதும் விளையாட்டல்ல. நீங்கள் பழகியிருக்கலாம், இரவல் வாங்கி ஓட்டுபவருக்கு ஸ்டிக்கரின் பொருள் தெரியாது.

போடிமெட்டுத் தம்பி, மீட்டர் கடைக்காரர் சொன்னதை ஏன் வாத்தியார் வேண்டாம் என்றார் என்பதை, நாற்பது ஆண்டு இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் விளக்குகிறேன். மீட்டருக்குள் கேபிள் ஒரு சிறு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதன் மேல் தொடாமல் கவிழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் அந்தச் சுழற்சியால் இழுக்கப்படுகிறது. தலைமயிர் போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. கடைக்காரர் செய்வது இந்த ஸ்பிரிங்கைத் தளர்த்துவது, அல்லது முள்ளைப் பிடுங்கி வேறு கோணத்தில் குத்துவது. முள்ளைப் பிடுங்கிக் குத்தினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூடும். 50-இல் 10 கூட்டினால், நின்றுகொண்டிருக்கும் வண்டியும் 10 காட்டப் பார்க்கும். உங்கள் பிழையோ விகிதப் பிழை, 30-இல் 6, 60-இல் 12. ஸ்பிரிங்கைத் தொட்டு முள்ளை ஒருவழியாகச் சரிப்படுத்தினாலும், ஓடோமீட்டர் அதே காந்தத் தண்டிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக நேரடியாக ஓடுவதால், அதில் ஒரு பல்கூட மாறாது. ஆகவே திருத்தம் மீட்டருக்கு முன்னால், கேபிளின் சுழற்சியிலேயே நடக்க வேண்டும். அப்போது முள்ளும் தூரமும் ஒன்றாகத் திருந்தும்.

எதையும் கழற்றும் முன் கேபிளையும் ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். மீட்டரின் பின்னால் கேபிள் நட்டைக் கையால் கழற்றி, வெளியே தெரியும் உள்கம்பியின் முனையில் இன்சுலேஷன் டேப்பைக் கொடி போல் ஒட்டுங்கள். தரையில் 50 மீட்டர் குறித்து, ஒருவர் வண்டியைத் தள்ள, இன்னொருவர் கொடி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். வில்லிஸ் ஜீப் வழிவந்த பழைய மீட்டர்களில் கேபிள் ஒரு மைலுக்கு 1,000 சுற்று என்பது வழக்கம், கி.மீ.க்கு 621, அதாவது 50 மீட்டருக்கு 31. ஜப்பானிய முறையில் வந்த மீட்டர்களுக்குக் கி.மீ.க்கு 637. உங்கள் வண்டியில் யார் எந்தக் காலத்தில் எந்த மீட்டரை மாற்றி மாட்டினார்களோ, நமக்குத் தெரியாது. அதனால் மீட்டரையும் தனியாகக் கேட்டுவிட வேண்டும். பழைய உள்கம்பி ஒன்றின் சதுர முனையை வெட்டி டிரில் மெஷினில் பிடித்து, மீட்டரின் துளையில் செருகி மிக மெதுவாகச் சுற்றி, ஓடோமீட்டரின் கடைசி எண் ஒன்று நகர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணினால் போதும். வண்டி முன்னால் போகும்போது கொடி எந்தப் பக்கம் சுற்றியது என்பதை முதலில் பார்த்துக்கொண்டு, டிரில்லையும் அதே பக்கம் சுற்ற விடுங்கள்.

கேபிளை வேகப்படுத்த இரண்டு வழிகள். டிரான்ஸ்பர் கேஸில் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சிறு பினியன் இருக்கும். அதன் பற்கள் குறைந்தால் கேபிள் வேகமாகச் சுற்றும். உங்களுடையதில் எத்தனை பல் என்று கழற்றி எண்ணுங்கள். கிடைத்த எண்ணை 0.828-ஆல் பெருக்கினால் தேவையான பல் எண்ணிக்கை வரும். ஒன்று, இரண்டு பல் வித்தியாசம் என்றால் இதுவே சிறந்த வழி. மூன்று, நான்கு பல் குறைத்தால் பினியன் சிறுத்து, உள்ளே இருக்கும் வார்முடன் (அதைச் சுழற்றும் திருகு போன்ற பல்சக்கரத்துடன்) சரியாகப் பல் கோக்காது. சில நாளில் தேய்ந்துவிடும்.

இரண்டாவது வழி, கேபிளுக்கு நடுவே ஒரு சிறு பல்பெட்டி பொருத்துவது. லேத் பட்டறையிலும் மீட்டர் கடையிலும் ஏற்பாடு செய்து தருவார்கள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு நானே இரண்டு பல்சக்கரங்களை வைத்துப் பெட்டி செய்து கொடுத்தேன். கணக்கு துல்லியம், ஆனால் வண்டியை எடுத்ததும் முள் பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டு எழவே இல்லை, ஓடோமீட்டரோ பின்னோக்கிப் போகத் தொடங்கியது. ஒன்றோடொன்று பல் கோத்த இரண்டு சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில்தான் சுற்றும் என்பதை அவசரத்தில் மறந்திருந்தேன். நடுவே மூன்றாவதாக ஒரு சும்மா சுற்றும் சக்கரம் வைத்த பிறகுதான் திசை நேரானது. அதனால் பெட்டி செய்யச் சொல்லும்போது, உள்ளே போகும் திசையும் வெளியே வரும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஸ்டெப்னி இன்னமும் பழைய அளவு என்றீர்கள். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் 2.23, மறுபக்கம் 2.14 மீட்டர் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஓட்டிவிடாதீர்கள். மீட்டரைவிட விலை கூடியவை உடையும்.

ஒற்றைச் சிலிண்டர்

பட்டறை ஐயாவிடம் இதையொட்டி ஒரு சிறு சந்தேகம். என் புல்லட்டில் நெடுஞ்சாலை ஓட்டத்துக்காக முன் ஸ்பிராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரத்தில்) ஒரு பல் கூட்டினேன். என் மீட்டரும் பொய் சொல்லுமா?

பழைய பட்டறை

உங்கள் மீட்டர் கேபிள் முன்சக்கரத்தின் ஹப்பிலிருந்து வருகிறதென்றால், ஸ்பிராக்கெட்டை எத்தனை பல் மாற்றினாலும் அதற்குச் செய்தி போகாது; முன் டயரின் அளவை மாற்றினால் மட்டுமே மாறும். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் கதை நேர்மாறு. அவற்றில் ஸ்பிராக்கெட் மாற்றினால் மீட்டர் மாறும், முன் டயரை மாற்றினால் மாறாது. கேபிளோ வயரோ எங்கிருந்து புறப்படுகிறது என்று குனிந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அலாய் வீல்

கேபிளே இல்லாத புதிய கார் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காகச் சேர்க்கிறேன். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள பெரும்பாலான கார்களில் வேகம் சக்கரங்களில் உள்ள சென்சார்களிலிருந்தே கணக்கிடப்படுகிறது. எனவே டயரின் சுற்றளவு ஒன்றே பொருட்டு. என் காரில் 205/55 ஆர் 16-க்குப் பதிலாக 225/45 ஆர் 17 மாட்டினேன். விட்டம் 632 மி.மீ.யிலிருந்து 634 ஆனது, அரை விழுக்காடுகூட இல்லை. எதையும் திருத்தத் தேவைப்படவில்லை. ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்து மொத்த விட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். புது டயருக்கும் தேய்ந்து மாற்றும் நிலைக்கு வந்த டயருக்கும் இடையிலேயே இரண்டு விழுக்காடு அளவுக்கு வித்தியாசம் வந்துவிடும் என்பதால், அதற்கும் குறைவான பிழைக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய மாற்றம் என்றால், சில கார்களில் ஸ்கேன் கருவி மூலம் டயர் அளவை மாற்றி எழுத முடியும். எழுத முடியாதவற்றில் சென்சாருக்கும் மீட்டருக்கும் இடையில் துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகளைச் சிலர் வைக்கிறார்கள். ஏபிஎஸ் நம்பியிருக்கும் வயரில் கைவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போடிமெட்டு ஜீப்

மூன்று வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். 50 மீட்டர் தள்ளியதில் கொடி 26 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியது. டிரில்லில் எண்ணியதில் மீட்டர் கேட்பது 50 மீட்டருக்கு 31 சுற்று. பினியனில் 18 பல் இருந்தது; வாத்தியார் கணக்குப்படி 15 பல் தேவை. 16 பல் உள்ளது ஒன்று கிடைத்தது. ஆனால் அதைப் போட்டாலும் மீட்டர் 7 விழுக்காடு குறைவாகவே காட்டியிருக்கும் என்பதாலும், பல் கோக்கும் ஆழம் குறைந்தது கையில் அசைத்துப் பார்க்கும்போதே தெரிந்ததாலும், 18-ஐயே திரும்பப் போட்டுவிட்டேன்.

மதுரையில் ஒரு லேத் பட்டறையில் 24 பல் சக்கரம் 20 பல் சக்கரத்தைச் சுழற்றும்படி, நடுவே மூன்றாவது சக்கரத்துடன் பெட்டி செய்து வாங்கினேன். திசையைப் பற்றி முதல் வார்த்தையாகச் சொன்னதும் அவர் சிரித்தார். அவருக்கும் அதே அனுபவம் உண்டாம். பெட்டியை மாட்டிய பின் 50 மீட்டருக்குக் கொடி 31 சுற்று. நேர்ச்சாலையில் மீட்டர் 60-க்குக் கைபேசி 60-ம் 61-ம் மாறி மாறிக் காட்டியது. மீட்டர் குறைவாகக் காட்டக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்ததால், மீட்டர் கடையில் ஸ்பிரிங்கைச் சற்றே தளர்த்தி, உண்மையான 60-க்கு 62 காட்டும்படி வைத்துக்கொண்டேன். இவ்வளவு சிறிய திருத்தத்துக்கு முள் பக்கம் போவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

பழைய பட்டறை

தவறில்லை, தம்பி. அந்த ஸ்பிரிங் அதற்காகத்தான் இருக்கிறது. கேபிளின் உள்கம்பிக்குக் கிரீஸ் தடவினீர்களா? கீழ்ப்பகுதிக்கு மட்டும் தடவி, மீட்டர் பக்கத்தில் ஒரு சாண் நீளத்தை விட்டுவிடுங்கள். அங்கும் தடவினால் கிரீஸ் மேலேறிக் கிண்ணத்தில் ஒட்டி முள் தாறுமாறாக ஆடும்.

போடிமெட்டு ஜீப்

அப்படியே செய்தேன், ஐயா. மீட்டர் தவறாக ஓடிய காலத்தில் ஓடோமீட்டரில் 1,640 கி.மீ. ஏறியிருந்தது, 1.207-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,980. விட்டுப்போன 340 கி.மீ.யையும் பெட்டி பொருத்திய தேதியையும் அன்றைய எண்ணையும் வண்டியின் நோட்டில் எழுதி, ஆயில் மாற்றும் கணக்கை அதற்கேற்ப முன்னே இழுத்துவிட்டேன். நேற்று டேங்கை நிரப்பிப் பார்த்ததில் லிட்டருக்கு 13.1. நோட்டை எடுத்துக்கொண்டு இன்று மாலை அந்தப் பட்டறைக்குப் போகிறேன்.